முப்பத்தொன்றாவது டேக்

பெரியவர் மெல்லும் சத்தத்தைத்தான் நான் முதலில் கேட்டேன். அவர் இசையமைத்த பாட்டுகளை அதற்கு முன்பும் கேட்டிருப்பேன். பஸ்ஸிலும் சலூனிலும் பக்கத்து வீட்டு ஜன்னலிலும் எல்லார் காதிலும் விழுந்தது என் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவர் செத்து ஆறு வருடம் கழித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவருடைய முதல் டேப்பை ஓடவிட்டபோது வயலின் வரவில்லை, முந்திரிப்பருப்பு வந்தது. அது கடைவாயில் நொறுங்கியது, எச்சிலில் குழைந்தது. பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கு துழாவி எடுத்தது, மறுபடி மென்றது. பக்கத்தில் யாராவது வாயைத் திறந்து மென்றாலே தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறவன் நான். இங்கே போக இடமில்லை. அந்த வாய் என் இரண்டு காதுக்கும் நடுவில் இருந்தது.

முந்திரி என்று எப்படித் தெரியும் என்றால், இரண்டாவது டேப்பில் அவரே யாரிடமோ சொல்கிறார்: "அந்த முந்திரி டப்பாவை இப்படித் தள்ளு."

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு டேப். பெரியவர் வீட்டின் பின்பக்கம் கார் நிறுத்தும் கொட்டகையைச் சுவர் வைத்து மூடி, ஏசி போட்டு, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். பழைய டேப்பில் பூசியிருக்கும் பழுப்பு மண் காலப்போக்கில் ஈரம் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் மிஷின் முழுக்க அப்பிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் பழம் உலர்த்தும் பெட்டியில் வைத்து எட்டு மணி நேரம் மெல்லச் சூடாக்க வேண்டும். அறை முழுக்க ஒரு வாரம் துவைக்காத சாக்ஸின் நாற்றம் அடிக்கும். பிறகு ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு தாளில் எழுத வேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள்: பெட்டி எண், நேரம், என்ன இருக்கிறது, யார், குறிப்பு.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். அவர் சின்னவருக்குக் கார் ஓட்டுகிறார். நான் காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, நாலு வருடமாக ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் இருந்து, கேமரா திரையைப் பார்த்துப் பார்த்து மனிதர்களோடு பேசும் வழக்கத்தையே விட்டிருந்தேன்.

"பெரிசா ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார் மாமா. "ஒரு ரூம்ல தனியா உக்காந்து எதையாவது முறைச்சுக்கிட்டே இருக்கணும். உனக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி வேலை."

சின்னவர் என்பது பெரியவரின் மகன். வயது ஐம்பத்திரண்டு. தலையெல்லாம் நரைத்த பிறகும் வீட்டில் எல்லாருக்கும் அவர் சின்னவர்தான். எதைத் தொட்டாலும் உடனே பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன சானிடைசர் குப்பியை எடுத்துக் கையில் தெளித்துத் தேய்த்துக்கொள்வார். அப்பாவின் டேப்பைத் தொட்டாலும் அப்படித்தான். அப்பாவின் சேமிப்பில் கிடக்கும் சத்தங்களைக் கொண்டு முழுக்கப் புதிதாக ஒரு எலக்ட்ரானிக் ஆல்பம் செய்வது அவருடைய திட்டம். பழைய பாட்டைத் தூசி தட்டி வெளியிடுவதில்லை. பெரியவர் போடாத பாட்டுகளைப் பெரியவரின் சத்தத்திலிருந்து பிறக்கவைப்பது. போஸ்டரில் 'பிறக்கிறார்' என்றே போட்டிருந்தார்கள்.

பிறக்கவைக்க அமர்த்திய இசைக்காரரை நான் ப்ரோ என்று சொல்கிறேன், ஏனென்றால் அவர் என்னை, சின்னவரை, தண்ணீர் கேன் போடுகிறவரை, எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அறைக்குள்ளும் தொப்பி, காலில் செருப்பில்லை, வாயில் ஸ்ட்ராபெரி வாசனைப் புகை. கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. டேப் சுழல ஆரம்பித்தால் யாரும் நிறுத்தக் கூடாது, ஒத்திகை, தவறு, சண்டை எல்லாம் பதிவாக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களோடு பேச ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும், அதை அழுத்துவது அவருக்குத் தொல்லை, அதனால் காகிதத்தை மடித்துச் சுவிட்சில் செருகிவிடுவார். மைக் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், மெல்லுவதெல்லாம் டேப்பில் விழும். மூன்றாவது, வேலை முடிந்ததும் ஒவ்வொரு டேப்பையும் முதலுக்குச் சுற்றி வைத்துவிட வேண்டும். மற்ற ஸ்டுடியோக்களில் அப்படிச் செய்ய மாட்டார்கள், கடைசி வெளியே தெரியும்படி அப்படியே வைப்பார்கள். அவர்கள் ஏன் அப்படி வைக்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். பெரியவருக்குக் காத்திருப்பது பிடிக்காது. டேப்பை மாட்டினால் உடனே பாட வேண்டும்.

இருநூற்று ஏழாவது பெட்டியில் ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது, இருபது வயதுக் குரல். பெட்டியின் மேல் பெரியவர் கையெழுத்தில் 'கோரஸ், நீட்டல்' என்று மட்டும் இருந்தது. ஒரே ஒரு சுரத்தை, உச்சியில், மூச்சு விடாமல் இருபத்தாறு விநாடி பிடிக்க வேண்டும். ரெக்கார்டிங் ஆள் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொல்கிறார். டேக் ஒன்பது. டேக் பதினாறு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு விநாடி அமைதி, இரண்டு மெல்லல், பிறகு பெரியவர்: "இன்னொரு தடவை." கோபமே இல்லை. பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வது போல. இருபதாவது டேக் முடிந்து அவள் தண்ணீர் கேட்கிறாள். "தண்ணி குடிச்சா தொண்டை மாறிடும்" என்கிறார். முப்பத்தொன்றாவதில் பத்தொன்பதாவது விநாடியில் அந்தக் குரல் உடைந்தது. கோழியின் கழுத்தை முறுக்கும்போது வருமே, அந்தச் சத்தம், ஆனால் சுரம் தப்பாமல். அவள் உடைந்த பிறகும் நிறுத்தவில்லை, இன்னும் நாலு விநாடி அதைப் பிடித்தாள். அமைதி. மெல்லல். "இன்னொரு தடவை."

முப்பத்திரண்டாவது டேக்கில் வெறும் காற்று வருகிறது.

"சரி," என்கிறார் பெரியவர். "அடுத்த பொண்ணு."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ப்ரோவுக்கு ஆகக்கூடியது எதுவாக இருந்தாலும் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் இரண்டு நட்சத்திரம் போட்டேன். 'யார்' கட்டத்தில் 'தெரியவில்லை'. 'குறிப்பு' கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'நல்ல உணர்ச்சி. நடுவில் ஆண் குரல், மெல்லும் சத்தம். நீக்கலாம்.' எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் ப்ரோ அதை நாற்பது முறை கேட்டார். எண்ணினேன், ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். மாலைக்குள் அந்த உடைசலை மட்டும் வெட்டியெடுத்து, கீபோர்டின் அறுபத்தொரு கட்டைகளுக்கும் பரப்பியிருந்தார். கீழ்க்கட்டையை அழுத்தினால் அவள் மாடு போல முனகினாள். மேலே அழுத்தினால் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டாள். அந்த வாத்தியத்துக்குத் 'தேவதை' என்று பெயரும் வைத்தாயிற்று.

"ப்ரோ, கை வைங்க," என்றார் என்னிடம். "சும்மா ஒரு விரல். புல்லரிக்கும்."

நான் ஒரு விரல் வைத்தேன். அவள் கத்தினாள். விரலை எடுத்தேன், நிறுத்தினாள். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டேன்.

"யாரு இது?"

"பெட்டில எழுதல."

"செத்துட்டாங்களா?"

"தெரியாது."

"செத்திருந்தா ஈஸி," என்றார். கடை சாத்திவிட்டார்களா என்று கேட்பது போலத்தான் சொன்னார்.

சாகவில்லை. தனிக் குரல் தெளிவாகத் தெரிந்தால் அந்த ஆளிடம் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெரியவரிடம் வாசித்த வயலின்காரர் ஒருவர் அந்த நாளை நினைவு வைத்திருந்தார். மூன்று நாளில் ஆள் கிடைத்துவிட்டார். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் வீடு.

துணிப்பையும் ஒரு தண்ணீர் பாட்டிலுமாக வந்தார். அறுபது தாண்டியிருக்கும். வாயைத் திறந்ததும் ப்ரோ தொப்பியைக் கழற்றிவிட்டார். உப்புத்தாளை உப்புத்தாளால் தேய்த்தது போன்ற குரல்.

"கிளினிக்ல டோக்கன் நம்பர் கூப்பிடற வேலை," என்றார், யாரும் கேட்கும் முன்பே. "இருபத்திரண்டு வருஷம். மைக் வேணாம்னுட்டாங்க. நான் ஒரு நம்பர் கூப்பிட்டா நோயாளி பயந்துபோய் தானா எந்திரிச்சு வருவான்."

சின்னவர் சிரித்தார். கையில் தெளித்துத் தேய்த்தார். தட்டில் பிஸ்கட்டும் முந்திரியும் வைத்திருந்தார்கள். அந்தம்மா முந்திரித் தட்டைப் பார்த்தார், பிறகு அதைத் தன் பக்கத்திலிருந்து மேஜையின் அந்த ஓரத்துக்கு ஒரு விரலால் தள்ளினார். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பாட்டைப் போட்டார்கள். நாலு நிமிடம். அடியில் உறுமல், மேலே தாளம், அதற்கு மேல் பனி மூட்டத்திலிருந்து வருவது போல அந்தக் குரல், அழகாக. உண்மையாகவே அழகாக இருந்தது. அந்தம்மா தலையைக் குனிந்து மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தபடி கேட்டார்.

"முப்பத்தொண்ணாவது," என்றார் முடிந்ததும்.

"எப்படி ஆன்ட்டி, நம்பரோட ஞாபகம் வெச்சிருக்கீங்க," என்றார் ப்ரோ.

"அதுக்கப்புறம் எண்றதுக்கு ஒண்ணும் இல்லையேப்பா." பிறகு சின்னவரைப் பார்த்தார். "அவர் எங்க?"

"யாரும்மா?"

"உங்கப்பா. நான் கத்தி முடிச்சதும் இன்னொரு தடவைன்னு சொல்வாரே. அது இல்ல இதுல."

சின்னவர் ப்ரோவைப் பார்த்தார். ப்ரோ என்னைப் பார்த்தார். 'நீக்கலாம்' என்று எழுதிய நான் தரையைப் பார்த்தேன்.

"அது பேச்சுதானேம்மா. அப்பா அதுல பாடலையே," என்றார் சின்னவர்.

"நானும் பாடலையே."

அந்தம்மா நிதானமாக, டோக்கன் வரிசையை விளக்குவது போல, விளக்கினார். "அவர் சொல்லித்தான் கத்தினேன். அவரை எடுத்துட்டு என்னை மட்டும் வெச்சா, கேக்கறவன் என்ன நினைப்பான்? ஒரு பைத்தியம் காரணமே இல்லாம கத்துதுன்னு நினைப்பான். எனக்கு இதுலேர்ந்து வேறெதுவும் வேணாம். ரெண்டு பேரும் இருக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் வேணாம். முடியும்னா சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சின்னவர் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார்.

இங்கேதான் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன்.

சுருட்டி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் சத்தம் ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் மெல்லப் படியும். மை காயாத தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் படிவது போல. கடைசி வெளியே தெரியும்படி வைத்தால் அந்த நிழல் அசல் சத்தத்துக்குப் பின்னால் விழும், யாருக்கும் தெரியாது. முதலுக்குச் சுற்றி வைத்தால் முன்னால் விழும். பெரியவர் காத்திருக்க மாட்டார் என்பதால் எல்லா டேப்பும் முதலுக்குச் சுற்றியவை. முப்பது, நாற்பது வருடம் அப்படியே கிடந்ததில், அவர் 'இன்னொரு தடவை' சொல்வதற்கு மூன்று விநாடி முன்பே, மிக மெல்லிசாக, அதே வார்த்தைகள் கேட்கும். அந்த இடத்தில் அவள் இன்னும் உடைந்துகொண்டிருக்கிறாள். ப்ரோ வெட்டியெடுத்த துண்டுக்குள்ளேயே, அவளுடைய சத்தத்துக்கு அடியில், பெரியவர் இருந்தார். துடைத்து எடுக்க வேண்டியது என் வேலை. நான் துடைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும், ப்ரோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தம்மா பக்கம் நிற்பதாக எனக்கு நினைப்பு. ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும் அந்தக் கிழவன் உள்ளிருந்து எட்டிப் பார்ப்பான், உலகமே கேட்கும் என்று கணக்குப் போட்டேன்.

ப்ரோ ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "ஐயோ ப்ரோ," என்றார். "பேய் மாதிரி இருக்கு. இதோட சத்தத்தைத் தூக்கிவிடுவோம்."

தூக்கிவிட்டார். எதிரொலி போட்டார், ஓரத்தைத் தேய்த்தார். மறுநாள் சின்னவர் வந்து கேட்டபோது, பெரியவர் மேகத்துக்கு மேலிருந்து முணுமுணுப்பது போல ஆகியிருந்தது. சின்னவர் அழுதுவிட்டார். அழுகை நின்றதும் கண்ணைத் துடைத்த கையில் தெளித்துத் தேய்த்துக்கொண்டு வக்கீலுக்குப் போன் செய்தார்.

"அந்தம்மா கேட்டது நடந்துடுச்சு. ரெண்டு பேரும் இருக்காங்க. இனிமே அவங்க மாட்டேன்னு சொல்ல முடியாது, இல்லையா?"

நான் அந்தம்மாவின் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கி, துடைத்து, பளபளவென்று சின்னவர் கையில் கொடுத்திருந்தேன்.

மறுபடி வந்தார். அதே பை, அதே பாட்டில். இந்த முறை முந்திரி வைக்க வேண்டாம் என்று நான் சமையல்காரரிடம் சொல்லியிருந்தேன். என்னால் முடிந்த உதவி அவ்வளவுதான். பாட்டைப் போட்டார்கள். 'இன்னொரு தடவை' வந்ததும் அந்தம்மாவின் தலை நிமிர்ந்தது. அது பாட்டு முழுக்க வந்தது. சின்னவர் பேனாவின் மூடியைக் கழற்றி, காகிதத்தின் மேல் குறுக்காக வைத்தார்.

"யார் செஞ்ச வேலை இது?" என்றார் அந்தம்மா.

"டேப்லயே இருந்தது ஆன்ட்டி. இவர்தான் கண்டுபிடிச்சாரு," என்றார் ப்ரோ, பெருமையாக, என் தோளைத் தட்டி.

அந்தம்மா என்னைப் பார்த்தார். "உன்னை யாருப்பா கேட்டா?"

நான் ஸ்பீக்கரின் வயரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்று பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தினார். "ஒரு தடவை அசலைப் போடு. டேப்ல இருக்கிற மாதிரியே."

ப்ரோ சின்னவரைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. போட்டேன். ஸ்பீக்கரில், சத்தமாக. உடைசல். ஒரு விநாடி. பிறகு அந்த வாய். பருப்பு நொறுங்கி, நாக்கு சப்புக்கொட்டி, ஒரு விழுங்கல் முடியும் முன்பே, பாதி மெல்லலுக்குள்ளிருந்து: "இன்னொரு தடவை." நிஜ வாய் அறை முழுக்க நிறைந்தது. ப்ரோவே முகத்தைச் சுளித்தார்.

"இதுதான் அவர்," என்றார் அந்தம்மா. "நீங்க வெச்சிருக்கறது சாமி குரல். சாமியே கேட்டுச்சு, இவ கொடுத்தான்னு ஆயிடும். அவர் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாருங்க. என்னை நிமிர்ந்துகூடப் பாக்கல, டப்பாவுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துக்கிட்டே சொன்னாரு. அந்தச் சப்புக்கொட்டல் இருந்தா, அவர் இருக்காருன்னு ஒத்துக்கறேன். அதைப் போடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அம்மா, பாட்டுக்கு நடுவுல அப்பா சப்புக்கொட்டறதை எப்படிம்மா..."

"நான் கோழி மாதிரி கத்தறதை வெச்சிருக்கீங்களே."

பேனாவுக்கு மூடியைப் போட்டு, தாளின் மேல் நேராக வைத்துவிட்டு எழுந்தார்.

சின்னவர் மறுநாள் காலை என் அறைக்கு வந்து, அலமாரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் எண் வரிசைப்படி எடுக்காததால் அங்கங்கே இன்னும் நூற்றெண்பது டேப் பாக்கி இருந்தது.

"அப்பா எல்லாரையும் அப்படித்தான் வேலை வாங்குவார்," என்றார். "இந்தம்மா ஒருத்தி மட்டுமா உடைஞ்சிருப்பா? இதுக்குள்ள இன்னும் நாலு பேராவது இருப்பாங்க. பாரு. நல்லதா ஒண்ணு எடு."

நாலு பேர் இல்லை, பதினொரு பேர். மூன்று வாரம் ஆயிற்று. சிலர் பத்தாவது டேக்கில், ஒருத்தி நாற்பத்து நாலில். சிலர் அழுதார்கள், ஒருத்தி வாந்தி எடுத்தாள், அதுவும் பதிவாகியிருந்தது. எல்லாவற்றின் முடிவிலும் அதே வாய். மாலையில் வீட்டுக்குப் போனால் அக்கா வைத்த சோற்றை என்னால் மெல்ல முடியவில்லை. கரைத்துக் குடித்தேன். "என்ன மாப்ள, பல்லு எல்லாம் கொட்டிடுச்சா?" என்றார் மாமா.

பெட்டிகள் ஒன்றிலும் பெயர் இல்லை. 'கோரஸ், மூன்றாவது' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். பெயர் இல்லாமல் கையெழுத்து வாங்க முடியாது. பதினொரு பேரையும் அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சின்னவர் அதைச் சொல்ல வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்தம்மாவையே கூப்பிட்டுக் கேளேன்," என்றார். "கையெழுத்து வேணாம், சும்மா யார் யார்னு மட்டும் சொல்லட்டும். கார் அனுப்பறேன்னு சொல்லு."

கூப்பிட்டேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "பதினொண்ணா?" என்றார் அந்தம்மா. "நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வரேன். கார் வேணாம்."

காலை பதினொரு மணிக்கு வந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவார் என்று பார்த்தேன், இல்லை. "அந்த ரூம்லயும் இதே நாத்தம்தான் இருந்துச்சு," என்றார். ஹெட்போன் வேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

உடைசல்வரை போக வேண்டியே இருக்கவில்லை. டேக் தொடங்கும் முன்பு ஒவ்வொருத்தியும் தொண்டையைச் செருமுவாள். அது போதும்.

"இது வாத்து. நடை அப்படி. டெய்லரைக் கட்டிக்கிட்டா, ரெண்டு பிள்ளை." அடுத்தது. "மூக்கடைப்பு. செத்துட்டா." அடுத்தது. "இவ பெரிய தொண்டை. அவளே உடைஞ்சாளா? போடு, போடு." கேட்டார். நாற்பத்து நாலு டேக்கையும் கேட்டார், தண்ணீர்கூடக் குடிக்காமல். "ஸ்கூல்ல பிரேயர் சொல்லிக்கொடுக்கறதா கேள்விப்பட்டேன். வாயசைச்சுத்தான் சொல்லிக்கொடுக்கறாளோ என்னவோ."

நான் புதுத் தாள் எடுத்திருந்தேன். 'யார்' கட்டத்தில் அவர் சொன்னதை எழுதினேன். 'குறிப்பு' கட்டத்தில் எத்தனை டேக், தண்ணீர் கேட்டாளா, கொடுத்தார்களா, அவர் என்ன மென்றுகொண்டிருந்தார் என்று எழுதினேன். நட்சத்திரம் எதற்கும் போடவில்லை. சின்னவர் இந்தத் தாளைப் பார்த்தால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்வார். ஆனால் டேப்புகளின் பிரதியும் அதன் பட்டியலும் இசைக்கல்லூரி நூலகத்துக்குப் போக வேண்டும் என்று பெரியவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை அனுப்புகிறவன் நான். இதையெல்லாம் அந்தம்மாவிடம் சொன்னேன். ஒருமுறை புத்திசாலித்தனம் செய்து பட்டுவிட்டேன் இல்லையா, இந்த முறை முதலில் கேட்டுக்கொண்டேன்.

"எழுது," என்றார். "ரெண்டு பேரும் இருக்கணும். தாள்லயாவது இருக்கட்டும்."

கடைசிப் பெட்டி நூற்றுத் தொண்ணூற்று நாலு. அந்தம்மா உடைந்த நாளுக்கு ஒரு வருடம் முந்தையது. செருமல் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "குச்சி. என் பக்கத்துல நிப்பா. ஊதினா பறந்துடுவா. எனக்கு டிபன்ல பாதி கொடுப்பா."

குச்சி பதினாலாவது டேக்கில் உடைந்தாள். சின்னச் சத்தம்தான், விசில் அறுந்தது போல. ஒரு விநாடி அமைதி. மெல்லல் வருவதற்கு முன்பு, அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். இளம் பெண்ணின் சிரிப்பு. மணி போல, எங்கும் பிசிறு இல்லாமல், கேட்கவே சுகமாக இருந்தது. உடனே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவரும் வாயில் பருப்போடு சிரித்தார். பிறகு சொன்னார், இன்னொரு தடவை என்று.

நான் டேப்பை நிறுத்தினேன். 'யார்' கட்டத்தில் குச்சி என்று எழுதினேன். "பின்னாடி சிரிச்சது யாருன்னு தெரியுதாம்மா?"

அந்தம்மா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகி இறுக்கினார், இறுகிய பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

"திரும்பப் போடு," என்றார்.

போட்டேன். அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. அவர் அதைக் கேட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம் என்று தோன்றியது, திருப்பவில்லை.

"அவர் கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு," என்றார் அந்த உப்புத்தாள் குரலில். "அவர் பாத்தா சிரிக்கணும்னு தோணும். எல்லாருக்கும் தோணும். அது ஒரு காரணமா என்ன." ஸ்பீக்கரைக் காட்டினார். "குரல் எவ்வளவு நல்லா இருக்கு பாரு."

வெளியே சின்னவர் வரும் சத்தம் கேட்டது. குப்பியைப் 'புஸ்' என்று அழுத்தும் சத்தம். நான் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடி இருந்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிரிப்பு. நான் 'தெரியவில்லை' என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை எனக்குக் கைவந்தது.

"அது நான்தான்," என்றார் அந்தம்மா. "அதையும் எழுது."